மீசை அண்ணன் கேட்ட பூட்டு

மேடையில் வீற்றிருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, மேலாளர் அவர்களே, எங்கள் அண்ணனை இழந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அண்ணி அவர்களே, என்னோடு தண்ணீருக்குள் இறங்கி ஏறும் தோழர்களே, அனைவருக்கும் வணக்கம்.

பேசச் சொன்னார்கள், வந்து நிற்கிறேன். கட்டுப்போட்ட இந்தக் கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்பது உங்களுக்குத் தெரிகிறது. துக்கத்தில் அணைத்திருக்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். பயத்தில் அணைத்திருக்கிறேன்.

மூழ்கிய கப்பல்களை மீட்பதிலேயே தலை நரைத்தவர் எங்கள் தலைமை டைவர். அவரை நாங்கள் மீசை அண்ணன் என்றே அழைத்தோம். ஆனால் அவருக்கு மீசை கிடையாது! வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் பெரிய மீசையோடு வந்திருக்கிறார். மீசை இடுக்கு வழியே முகமூடிக்குள் தண்ணீர் கசிந்தது. மேலே ஏறி வந்தவர், படகிலேயே உட்கார்ந்து வழித்துப் போட்டுவிட்டு மறுபடி இறங்கினார். அன்று மாலை கதவைத் திறந்த அண்ணி, "யாருங்க வேணும்?" என்று கேட்டாராம்!

உயிருக்குக் குறுக்கே மயிரளவு கூட எதையும் விட்டுவைக்காத மனிதர் அவர். எவரும் இறங்குவதற்கு முன் காற்றுக் குழாயை முழுநீளமும் தன் விரலால் தடவிப் பார்ப்பார். பிறகு, "பயமா இருக்கா?" என்பார். "இல்லண்ணே" என்று மார்தட்டியவனை அன்று மேலேயே உட்கார வைத்துவிடுவார்.

அப்படிப்பட்டவரா போய்விட்டார்? எப்படிப் போனார்?

துறைமுகத்தில் மூழ்கிக் கிடந்த சரக்குப் படகின் ஓட்டைகளை அடைத்து, உள்ளிருக்கும் தண்ணீரை இறைத்து அதை மிதக்க வைக்க வேண்டும். ஆள் கீழே இருக்கும்போது பம்பு ஓடக் கூடாது. உள்ளே தண்ணீர் குறையக் குறைய, வெளியே நிற்கும் கடல் சின்ன ஓட்டை கிடைத்தாலும் பாய்ந்து நுழையும். குறுக்கே எது இருந்தாலும் இழுத்துக்கொள்ளும்.

அன்று காலை குறுக்கே இருந்தது என் கை.

பம்பு ஆட்கள் வேலை மாறும் நேரம். நான் கீழே இருப்பதைப் புதிதாக வந்தவரிடம் யாரும் சொல்லவில்லை. அவர் சுவிட்சைப் போட்டார். அவரும் இந்த அரங்கின் கடைசி வரிசையில் இருக்கிறார். தயவுசெய்து யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம்.

கலங்கல் தண்ணீர். என் கையே என் கண்ணுக்குத் தெரியவில்லை. படகின் இரும்புச் சுவரில் இருந்த ஓட்டை அதை முழங்கை வரை உறிஞ்சிக்கொண்டது. அலறினேன். தலைக்கவசத்துக்குள் இருந்த ஒலிக்கருவியில், மேலே நின்ற அண்ணன் குரல் கேட்டது.

"டேய், என்னாச்சு?"

"கை மாட்டிக்கிச்சுண்ணே! பிய்ச்சுக்கிட்டுப் போயிடும் போல இருக்கு!"

"நீ இழுக்காத. மூச்சை நிதானமா விடு. பம்பை நிறுத்தச் சொல்லிட்டேன்."

பம்பு நின்றது. கை வரவில்லை! எப்படி வரும்? உள்ளே தண்ணீர் ஏற்கெனவே குறைந்துவிட்டதே! படகை மறுபடி தண்ணீரால் நிரப்பினால்தான் கடல் பிடியை விடும். அதற்கான வால்வு படகின் மறுபக்கத்தில், அடியில் இருந்தது. திறந்தால், அரைகுறையாக மிதந்து நின்ற அந்தப் படகு சாயக்கூடும். அண்ணனுக்கு அது தெரியாதா? எங்கள் எல்லோரையும் விட நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் இறங்கினார்.

"அண்ணே, பயமா இருக்குண்ணே."

"எனக்கும்தான்டா. பேசிக்கிட்டே இரு. இதோ வந்துட்டேன்."

பேசிக்கொண்டே இருந்தேன். என்ன பேசினேன் என்று நினைவில்லை. திடீரென்று கை விடுபட்டது. மேலிருந்தவர்கள் என்னைக் கயிற்றோடு இழுத்தார்கள். என் காலுக்குக் கீழே இரும்பு முனகியது. படகு அவர் பக்கமாகப் புரண்டது. "அண்ணே" என்றேன். மேலே வரும்வரை கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன்.

அந்த முனகல் இன்னும் ஓயவில்லை. பக்கத்து வீட்டில் தண்ணீர் மோட்டார் ஓடினாலே படுக்கையிலிருந்து எழுந்து சுவரோடு ஒட்டி நிற்கிறேன். பக்கெட் தண்ணீரில் கை விட முடியவில்லை. மனைவிதான் மொண்டு ஊற்றுகிறாள்.

ஆஸ்பத்திரியில் அண்ணி என் கட்டிலருகே வந்து உட்கார்ந்தார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"அவர் பயந்தாரா தம்பி?"

"பயந்தாரு அண்ணி. பயந்துக்கிட்டேதான் வந்தாரு."

கட்டுப்போட்ட என் கையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "மத்த பிள்ளைங்க மறுபடி அங்க இறங்கணுமா?" என்றார்.

இங்கே சொல்கிறேன். ஆம், அண்ணி. திங்கட்கிழமை இறங்க வேண்டும் என்று உத்தரவு வந்திருக்கிறது. அதே படகு. அதே பம்பு. அதே சுவிட்ச்.

மேலாளர் அவர்களே! அண்ணன் ஒவ்வொரு கூட்டத்திலும் உங்களிடம் என்ன கேட்டார்? அந்தச் சுவிட்சுக்கு ஒரு பூட்டு! இறங்குகிறவர் தன் கையால் பூட்டி, சாவியைத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்க வேண்டும் என்றார். "பார்க்கலாம்" என்றீர்கள். அவர் போய்விட்டார், நாங்கள் கேட்கிறோம். பூட்டு வரும்வரை எங்களில் ஒருவரும் தண்ணீரில் கால் வைக்க மாட்டோம். கோழைகள் என்பீர்களா? சொல்லிக்கொள்ளுங்கள். அண்ணன் தொடங்கிய வேலையை நாங்கள் தொடர்வது இப்படித்தான்.

இதைச் சொல்லிவிட்டேன். என்னோடு யார் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. எல்லோருக்கும் குடும்பம் இருக்கிறது. தனியாக நின்றுவிடுவேனோ என்று இப்போது அதற்கும் பயமாக இருக்கிறது. உடன்படுகிறவர்கள் எழுந்து நில்லுங்கள்.

...

தோழர்களே, இப்போது திரும்பிப் பாருங்கள். கடைசி வரிசையில், பம்பு இயக்குபவர்தான் முதலில் எழுந்து நிற்கிறார்.