செங்கல்வராயன் எங்கள் மாமா அல்ல

பெயர்: அனுசுயா. வயது: 28. கணவர் பெயர்: ஸ்ரீநாத். இருப்பிடம்: ரயில் நிலையப் பின்தெரு, அண்ணனூர். காவல் நிலையத்தில் குழந்தை விடாமல் அழுததால், வீட்டில் வைத்து எழுதிவரும்படி ஆய்வாளர் அவர்கள் கூறியதன் பேரில் என் கைப்பட எழுதிக் கொடுக்கும் வாக்குமூலம்.

நான் மேற்கண்ட முகவரியில் என் கணவர், ஒன்றேகால் வயது மகள் கவிப்பிரியா, என் அம்மா, என் உடன்பிறந்த தம்பி பரத் ஆகியோருடன் வசித்து வருகிறேன். பி.காம். படித்திருக்கிறேன். குழந்தை பிறக்கும்வரை அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தேன். இப்போது வேலைக்குப் போகவில்லை. தம்பிக்கு வயது 23. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் மெஷின் ஆபரேட்டராக இருக்கிறான்.

பரத்துக்கு வெளிநாடு பார்க்க வேண்டும் என்று வெகுநாளாக ஆசை. எங்கள் குடும்பத்தில் யாரும் இதுவரை விமானம் ஏறியதில்லை. ஆஃபரில் கிடைத்த டிக்கெட்டில் தாய்லாந்து போய், ஒரே அறையில் பலர் கட்டில் கட்டிலாகப் படுக்கும் ஹாஸ்டலில் தங்கி, தெருக்கடையில் சாப்பிட்டுத் திரும்புவதாக அவன் திட்டம். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆனாலும் தடுக்கவில்லை. அதற்குப் பதிலாக நெட்டில் தேடிப் படித்து, பாஸ்போர்ட்டை யார் கையிலும் கொடுக்காதே, அதன் நகலை எனக்கு மெயிலில் அனுப்பி வை, எங்கே தங்குகிறாய் என்று புது ஆளிடம் சொல்லாதே, ஓசி வண்டியில் ஏறாதே, லைவ் லொகேஷனை அணைக்காதே என்று அவனைத் தினமும் நச்சரித்தேன். அவன், "இன்னாக்கா, நான் ஊர் சுத்தப் போறேனா, இல்ல பார்டர்ல சண்டைக்குப் போறேனா?" என்று கேட்டான். அம்மாவும் சேர்ந்து சிரித்தார். இருந்தாலும் பாஸ்போர்ட் நகலை அனுப்பி வைத்தான்.

அதன் பிறகு, அவன் புறப்படுவதற்குச் சில நாள் முன்பு, அவனுடைய நண்பர் ஜெகதீஷ் எங்கள் தெருமுனையில் ஒரு பேனர் கட்டினார். ஜெகதீஷ் ஆவடியில் ஃபிளெக்ஸ் கடையில் டிசைன் வேலை பார்ப்பவர். எங்கள் பகுதியில் காது குத்துக்கும் பேனர்தான், பைக் வாங்கினாலும் பேனர்தான். இதில் "தாய்லாந்தே வழி விடு, தம்பி வரான்!" என்று எழுதி, பரத் கூலிங் கிளாஸ் போட்டு நிற்கும் படம், பின்னால் விமானம், விமானத்துக்கு மேல் அழகுக்காக அவனுடைய டிக்கெட்டையே நாள், நேரம் எல்லாம் தெரியும்படி போட்டிருந்தார்கள். கீழே "வாழ்த்தும் உறவுகள்" என்று முதலில் பெரிய வட்டத்தில் "பாசமிகு தாய்மாமன் செங்கல்வராயன்", அடுத்து "மாமா ஸ்ரீநாத், அக்கா அனுசுயா, செல்லக்குட்டி கவிப்பிரியா" என்று எங்கள் படங்களும் பெயர்களும் இருந்தன.

இதில் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். செங்கல்வராயன் எங்கள் மாமா அல்ல. அவர் எங்கள் தெருவில் மணல், ஜல்லி சப்ளை செய்பவர். யார் வீட்டு விசேஷத்துக்குப் பேனர் வைத்தாலும் அவர் படத்தைப் பெரிதாகப் போட்டால் பேனர் செலவில் பங்கு தருவார். படத்துக்குக் கீழே சித்தப்பா, பெரியப்பா, தாய்மாமன் என்று ஏதாவது ஓர் உறவைப் போட்டுவிடுவார்கள். அவர் எங்கள் வீட்டு வாசற்படி ஏறியதில்லை. எங்கள் வீட்டில் அவரைப் பேனர் மாமா என்றுதான் கேலி செய்வோம். இப்போது நடந்ததில் அவருக்குச் சம்பந்தம் இருப்பதாக நான் சொல்லவில்லை.

நானும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அந்தப் பேனருக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டேன். அங்கே யாரிடமும் எதையும் சொல்லாதே என்று தம்பிக்குப் புத்தி சொன்னவள், இங்கே எல்லாம் எழுதித் தொங்குவதைப் பார்க்கவில்லை. ஜெகதீஷ் அந்தப் பேனர் படத்தை இன்ஸ்டாகிராமில் எல்லோரும் பார்க்கும்படி போட்டார்.

சென்ற திங்கட்கிழமை பரத் விமானம் ஏறினான். இறங்கியதும் எனக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினான். அது என் போனில் இருக்கிறது. "அக்கா, லேண்ட் ஆயிட்டேன். ஸ்ரீநாத் மாமா ஒரு ஆள அனுப்பிகீறாரு பாரு, செம! செல்வகுமார்னு பேரு. என் பேர அட்டைல எழுதிப் புடிச்சுகினு நிக்கிறாரு. டாக்சி காசு மிச்சம். மாமாகிட்ட தேங்க்ஸ் சொல்லிடு" என்று அதில் பேசியிருக்கிறான்.

நான் உடனே என் கணவருக்குப் போன் செய்தேன். அவர் வேலையில் இருந்தார். "நான் யாரையும் அனுப்பலியே. எனக்கு அங்க யாரத் தெரியும்?" என்றார். நான் நம்பவில்லை. பரத்துக்கு வெளிநாட்டில் வேலை பார்த்து வைத்தால் என்ன என்று அவர் முன்பு ஒருமுறை பேசியிருந்தார், அதனால் எனக்குத் தெரியாமல் ஏதோ ஏற்பாடு செய்துவிட்டார் என்று நினைத்தேன். அவர் உண்மையிலேயே கம்பெனியில்தான் இருக்கிறாரா என்று பின்னால் மெஷின் சத்தம் கேட்கிறதா எனக் கவனித்தேன். கேட்டது. "புள்ள மேல சத்தியமா இல்லடி. மொதல்ல அவனக் கூப்பிட்டு வண்டிய விட்டு எறங்கச் சொல்லு" என்றார். அவர் குழந்தைமேல் பொய்ச் சத்தியம் செய்யமாட்டார் என்பதால் நம்பினேன்.

அதன் பிறகு லொகேஷனைப் பார்த்தேன். பரத் அறை போட்டிருந்த ஹாஸ்டல் ஊருக்குள் இருந்தது. மேப்பில் அவனுடைய புள்ளி ஊரைத் தாண்டி மேலே மேலே போய்க்கொண்டிருந்தது. நான் பலமுறை கூப்பிட்ட பிறகு பரத் எடுத்து, "அண்ணன் வேற எடத்துல நல்ல ரூம் கீதுன்னாரு. இன்னொரு பையனும் கூட வரான், ஷேர் பண்ணா கம்மியாவுமாம்" என்றான். பாஸ்போர்ட் எங்கே என்று கேட்டேன். "ரூம் போடணும்னு அண்ணன் வாங்கி வெச்சிகீறாரு" என்றான். அதற்குள் அந்த ஆள் போனை வாங்கிக்கொண்டார்.

"வணக்கம் தங்கச்சி. கவிப்பிரியா குட்டி எப்படி இருக்கா? நடக்க ஆரம்பிச்சுட்டாளா?" என்று கேட்டார். முன்பின் தெரியாத ஒருவர் வாயில் என் குழந்தையின் பெயர் வந்ததும், பாயில் விளையாடிக்கொண்டிருந்தவளை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டேன். நீங்கள் யார் என்று கேட்டேன். "என்ன தங்கச்சி இப்படிக் கேக்குறீங்க? உங்க தாய்மாமன் செங்கல்வராயன் சொல்லித்தான் வந்தேன். உங்க அம்மாவுக்கு ஒரே தம்பி அவரு. நானும் அவரும் ஒரே தட்டுல சாப்பிட்டவங்க. அந்தக் குடும்பத்துப் புள்ளைய நான் விட்டுருவேனா?" என்றார். பேச்சு நம்ம பக்கத்துப் பேச்சாக இல்லை.

என் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அவருடன் பிறந்தவர்கள் இரண்டு அக்காமார்தான். ஆண் பிள்ளை கிடையாது. பரத்திடம் ஸ்ரீநாத் அனுப்பியதாகச் சொன்ன ஆள், என்னிடம் செங்கல்வராயன் அனுப்பியதாகச் சொல்கிறார். அந்த நிமிடத்தில்தான் எனக்கு விளங்கியது. அவருக்கு எங்களைப்பற்றித் தெரிந்தது மொத்தமும் அந்தப் பேனரில் இருப்பதுதான். பேனரில் இருக்கும் பொய்யையும் சேர்த்து நம்பியிருக்கிறார்.

கத்தினால் அவர் உஷாராகிவிடுவார் என்று பயந்தேன். தம்பியிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டு வைத்துவிடுகிறேன் என்று கெஞ்சலாகக் கேட்டேன். கொடுத்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்தார்கள் போலிருந்தது. நான், "பரத்து, செங்கல்வராயன் மாமா அனுப்பின ஆளாமே. நம்ம அம்மாவுக்கு ஒரே தம்பி, அவரு பேச்ச நாம மீறலாமா? அண்ணன் சொல்றபடி கேட்டு நடந்துக்கோ" என்றேன். அவன், "சரிக்கா. பேனர்... பெரிய மாமாவக் கேட்டதா சொல்லு" என்றான். அவனுக்குப் புரிந்துவிட்டது என்று தெரிந்துகொண்டேன். அதன் பிறகு போன் அணைந்தது. லொகேஷனும் நின்றுவிட்டது.

நான் குழந்தையுடன் ஜெகதீஷ் வேலை செய்யும் கடைக்குப் போய் அவரைக் கேட்டேன். அதற்குள் அவர் இன்ஸ்டாகிராமில் இருந்து அந்தப் படத்தை எடுத்துவிட்டிருந்தார். தெருமுனைப் பேனரும் இறக்கப்பட்டிருந்தது. நான் இறக்கச் சொல்லவில்லை. "அக்கா, லைக்குக்காகத்தான் போட்டேன். அன்னிக்கே ஒருத்தர் மெசேஜ் பண்ணாரு, நானும் தமிழ்தான், அங்கதான் கீறேன், தம்பி வந்தா பாத்துக்கறேன்னு. நல்ல மனுசன்னு நெனச்சேன்" என்றார். அப்படியானால் ஏன் அழித்தாய் என்று கேட்டேன். "நீங்க திட்டுவீங்கன்னுதான். பேனர் வெச்சதுக்கெல்லாம் கேஸாக்கா?" என்று கேட்டார். பயத்தில் அழித்தாரா, மறைப்பதற்கு அழித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாததைத் தெரியும் என்று எழுத மாட்டேன். அவருடைய போனைத் தாங்கள் வாங்கி வைத்திருக்கிறீர்கள், அதைப் பார்த்தால் தெரியும்.

அன்றே என் கணவருடன் காவல் நிலையம் வந்து புகார் கொடுத்தேன். பரத் அனுப்பியிருந்த பாஸ்போர்ட் நகலை அங்குள்ள இந்தியத் தூதரகத்துக்கு மெயில் செய்தோம்.

மறுநாள் காலை தெரியாத நம்பரில் இருந்து பரத் பேசினான். என்னிடம் பேசி முடித்ததும் அந்த ஆள் போனைப் பிடுங்கிக்கொண்டதாகவும், ஒரு பெட்ரோல் பங்க்கில் கழிவறை போகிறேன் என்று இறங்கி, பையை வண்டியிலேயே விட்டுவிட்டு, பின்பக்கச் சுவர் ஏறிக் குதித்து ஒரு கடைக்குள் ஓடியதாகவும் சொன்னான். பேச மொழி இல்லாததால், போலீஸைக் கூப்பிடுங்கள் என்பதற்குக் கையில் விலங்கு மாட்டுவதுபோல் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கிறான். கடைக்காரப் பெண் இவனையே திருடன் என்று நினைத்து, இவனை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டிவிட்டு, வெளியே நின்று போலீஸுக்குப் போன் செய்தாளாம். "அவ பூட்டினதாலதான்கா தப்பிச்சேன். அந்தாளு வந்து கண்ணாடிக் கதவத் தட்டித் தட்டிப் பாத்துட்டுப் போயிட்டான்" என்றான். இப்போது அங்குள்ள காவல் நிலையத்தில் பத்திரமாக இருக்கிறான். தூதரகத்தில் தற்காலிகப் பயணச் சான்று தயாராகிறது.

வண்டியில் இருந்த இன்னொரு பையனின் பெயர் சரண், குமணன்சாவடி என்று பரத் சொன்னான். அவரைக் கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லிக் கூட்டிப்போனார்களாம். இப்படிக் கூட்டிப்போய் எல்லைக்கு அப்பால் அடைத்துவைத்து ஆன்லைன் மோசடி செய்யவைப்பதாக நான் செய்தியில் படித்திருக்கிறேன், இதுவும் அதுதான் என்று சந்தேகப்படுகிறேன். இறங்குவதற்கு முன் பரத் அவர் காதில், "மச்சான், இது வேற மேட்டரு, எறங்கிடு" என்று சொன்னதற்கு, "உனுக்கு ஊர்ல வேல கீது. எனுக்கு இன்னா கீது? நீ போ மாமே" என்றாராம். அவர் இறங்கவில்லை. அவருடைய அம்மா குமணன்சாவடி பஸ் ஸ்டாப் அருகே டிபன் வண்டி போட்டிருப்பதாக வழியில் சொல்லியிருக்கிறார்.

இந்த வாக்குமூலத்தை இதுவரை எழுதி முடித்த பிறகு, இன்று காலை குழந்தையுடன் குமணன்சாவடி போய் விசாரித்து, சரணின் அம்மா புஷ்பாவைப் பார்த்தேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. "யாரும்மா நீ? எம் புள்ள நல்ல வேலைல சேந்துகீறான். உன் தம்பி பயந்து ஓடியாந்தா எம் புள்ளயும் ஓடியாரணுமா?" என்று தோசையைத் திருப்பிக்கொண்டே கேட்டார். ஜெகதீஷை நான் எப்படிப் பார்த்தேனோ அப்படி என்னைப் பார்த்தார். நான் கோபப்படவில்லை. மகன் போன் செய்தாரா என்று மட்டும் கேட்டேன்.

"காத்தால கூட பேசினான். அம்மா, நான் நல்லா இருக்கேன், யார் வந்து கேட்டாலும் கம்ப்ளெயின்ட் எதுவும் வேணாம், அப்படின்னான்" என்றார். கல்லில் தோசை கருகியது. அவராகவே, "அவன் என்னிய எப்பவும் அம்மான்னு கூப்பிட மாட்டான். இன்னா புஷ்பா, சோறு ஆச்சா புஷ்பான்னுதான் கூப்புடுவான். எத்தினி தபா அடிச்சிருக்கேன், கேக்க மாட்டான்" என்றார். அதன் பிறகு அடுப்பை அணைத்தார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களிடம் காசு வாங்காமல் என்னுடன் புறப்பட்டார்.

இந்தக் கடைசிப் பகுதியைக் காவல் நிலைய பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். குழந்தை புஷ்பா அம்மாவின் மடியில் இருக்கிறது. அவருடைய போனில் இன்று காலை வந்த அந்த நம்பர் இருக்கிறது. அவர் அதைத் திரும்பக் கூப்பிடப் பார்த்தார். வேண்டாம், ஆய்வாளர் அய்யா வரட்டும் என்று நான்தான் போனை வாங்கி வைத்திருக்கிறேன்.

என் தம்பி கிடைத்துவிட்டான் என்பதால் என் புகாரை முடித்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். சரண், வயது 21, மாநிறம், வண்டியில் பார்த்தபோது கட்டம் போட்ட சட்டை அணிந்திருந்ததாகப் பரத் சொல்கிறான். வண்டி வெள்ளை நிற வேன். அது எந்தப் பெட்ரோல் பங்க்கில் நின்றது என்பதைப் பரத் அங்குள்ள போலீஸுக்குக் காட்டியிருக்கிறான். இன்று காலைவரை சரண் உயிருடன் பேசியிருக்கிறார். பேசச் சொன்னதைத்தான் பேசியிருக்கிறார் என்று அவரைப் பெற்றவர் சொல்கிறார். இதை இன்றே தூதரகத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

இதில் நான் கண்டதைக் கண்டதாகவும், பிறர் சொல்லக் கேட்டதைக் கேட்டதாகவும், சந்தேகத்தைச் சந்தேகமாகவும் எழுதியிருக்கிறேன். யாருடைய வற்புறுத்தலும் இல்லை. சரணைப் பற்றிய பகுதியை அவருடைய அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். சரிதான் என்று சொல்லி அவரும் என்னுடன் கையெழுத்து இடுகிறார்.

(ஒப்பம்) அனுசுயா

(ஒப்பம்) புஷ்பா, சரணின் அம்மா