கல்லில் ஏறிய உபயதாரர்

நடுநாற்காலியை நிறைத்து வீற்றிருக்கும் விழாத் தலைவர், உப்பள உரிமையாளர் புருஷோத்தமன் அவர்களே! மலர் தொகுத்த மாண்பமை குழுவினரே! முன்வரிசைப் பெரியோர்களே! விடிந்தது முதல் பாத்தியில் உப்பு வாரிவிட்டு, வெடித்த பாதங்களோடு அப்படியே வந்து அமர்ந்திருக்கும் என் தாய்மார்களே! உங்களை வணங்குகிறேன். வணங்கிவிட்டுக் கோபப்படப் போகிறேன், பொறுத்தருள்க.

ஆயிரத்து எழுநூற்று ஐம்பத்தொன்று! அந்த ஓராண்டின் இலக்கியத்துக்குத்தான் இந்த விழா, இந்த மலர். அவ்வாண்டில் பாரிஸில் மாபெரும் அறிவுத் தொகுதி ஒன்றின் முதல் பாகம் அச்சேறியது. லண்டனில், கல்லறைத் தோட்டத்தில் பேரும் புகழும் இன்றிப் புதைந்துகிடக்கும் ஏழைகளை எண்ணி ஒரு கவிஞன் எழுதிய பாட்டு வெளிவந்தது. மரக்காணத்தில் என்ன வெளிவந்தது? அச்சுக்கூடம் ஏது நமக்கு? ஆனால், பாட்டு இருந்தது! மழை இறங்கிப் பாத்திகள் மூழ்கி வேலை நின்றதும் நம் மக்கள் ஆடும் உப்பளக் கூத்து இருந்தது!

‘பிரஜோற்பத்தி வருசத்திலே படைகள் ரெண்டு போகையிலே, குதிரை மிதிச்ச வரப்பையெல்லாம் யார் வந்து கட்டுவா?’

கேட்டீர்களா கேள்வியை? பிரஜோற்பத்தி என்பது ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிய அந்த ஐம்பத்தொன்றுதான். அந்த ஆண்டுக்கு இதைவிட என்ன இலக்கியம் வேண்டும்? இதைப் பாடியவர் யார்? மலர் சொல்கிறது: ‘கவிஞர் அர்ச்சுனன்.’ வாசலில் திரைபோட்டு மூடிய கல்லும் அதையே சொல்கிறது. அர்ச்சுனன் யார்? நம் தலைவரின் தாத்தா!

சிரிக்காதீங்கம்மா, அழ வேண்டிய இடம் இது.

கூத்தின் கடைசியில் மங்களம் பாடுவார்கள். அதில் அந்த வருடக் கூத்துக்குச் செலவு செய்தவர் பெயரைச் சேர்த்து வாழ்த்துவது நம் ஊர் வழக்கம். வருடம் மாறினால் பெயரும் மாறும். நாற்பதாண்டுகளுக்கு முன் யாரோ இந்தக் கூத்தை ஒலிநாடாவில் பதிவு செய்தார்கள். அந்த வருட உபயம், தாத்தா அர்ச்சுனன். நாடாவைக் கேட்ட மலர்க்குழு, கடைசியில் வரும் பெயர் கவிஞர் பெயர்தான் என்று தீர்ப்பெழுதியது. பேரனுக்குத் தாத்தா பெயர் வைப்பது வழக்கம், ஆகவே அதே பெயரில் அன்றும் ஒரு முன்னோர் இருந்திருப்பார் என்று ஒட்டுப்போட்டது! கோயில் டியூப்லைட்டில் உபயம் என்று பெயர் எழுதியவரா ஐயா மின்சாரத்தைக் கண்டுபிடித்தார்?

இந்த வருட உபயம் யார்? பஸ் ஸ்டாண்ட் இட்லிக்கடை லூர்துமேரி அக்கா. அப்படியென்றால், ஐம்பத்தொன்றின் பெருங்கவிஞர் லூர்துமேரி!

“சார், என்னை எதுக்கு வம்புல இழுக்கறீங்க? எனக்கு அம்பது வயசுதான் ஆவுது!”

கேட்டுக்கொள்ளுங்கள் குழுவினரே! அக்கா மறுக்கிறார். தாத்தா உயிரோடு இருந்தால் அவரும் மறுத்திருப்பார்.

துண்டுச்சீட்டு வருகிறது. ‘சுருக்கமாக முடிக்கவும்.’ முடிக்க மாட்டேன்! மூன்று மாதத்துக்கு முன்பே குழுவிடம் போய் இந்தப் பிழையைச் சொன்னேன். “அச்சுக்குப் போயிடுச்சு சார், கொஞ்சம் அனுசரிச்சுப் போங்க” என்றார்கள். பதினோரு ஆண்டுகள் கௌரவ விரிவுரையாளராக அனுசரித்தேன். என் இடத்தில் நேற்று வந்தவர் அமர்ந்தபோது அனுசரித்தேன். அது என் இடம், விட்டுக்கொடுத்தேன். இது என் இடமா, விட்டுக்கொடுக்க?

பாத்தி அவர்களுடையது. உப்பு அவர்களுடையது. லாரி அவர்களுடையது. வெயிலும் வெடித்த பாதமும் மட்டும் உங்களுடையது. மிச்சமிருந்தது ஒரு பாட்டு. அதுவும் வேண்டுமா? லண்டனில் பெயரற்ற ஏழைக்காக ஒரு கவிஞன் கலங்கினான். மரக்காணத்தில் பெயரற்ற ஏழையின் பாட்டின்மேல் ஒரு முதலாளியின் பெயரைச் செதுக்குகிறீர்கள்!

அந்தத் திரையை விலக்க என்னை அழைத்தீர்கள். விலக்க மாட்டேன். அந்தப் பெயர் போகட்டும். பாடியவர் யாரென்று நமக்குத் தெரியாது. தெரியாது என்றே கல் சொல்லட்டும். கொத்தனார் உளியோடு வரும்வரை கல்லுக்கு முன்னால் நிற்பேன். பொன்னாடையை மடித்து வையுங்கள்.

கூத்து வாத்தியார் கொளஞ்சி ஐயா, மங்களத்தைப் பாடுங்கள். பெயர் வரும் இடத்தில்?

“அங்க வெறும் மத்தளம்தான் சார். நான் பேர் சொல்ல மாட்டேன்.”

அது போதும் ஐயா. பொறுமையாய்க் கேட்ட தாய்மார்களுக்கு நன்றி. பொறுக்காமல் சீட்டு அனுப்பியவர்களுக்கும் நன்றி. அந்த மத்தளம் ஒலிக்கும்போது எல்லோரும் எழுந்து நில்லுங்கள். வணக்கம்!