தண்ணீர் கேட்காத செடிகள்

அன்று காலை காகிதப்பூவா, நித்தியகல்யாணியா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். கோடையை இரண்டுமே தாங்கும். காகிதப்பூவுக்கு முள் உண்டு. நித்தியகல்யாணி யாரையும் குத்தாது. அதையே வாங்கிக்கொண்டு வீடு திரும்பினேன். என் மனைவி இறந்திருந்தாள்.

நடந்ததை எழுதித் தரச் சொல்லிக் காகிதம் கொடுத்தீர்கள் இன்ஸ்பெக்டர் ஐயா. நான் அச்சகத்தில் பிழை திருத்தி ஓய்வு பெற்றவன். வாழ்நாளெல்லாம் அடுத்தவர் பிழைகளைக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கியவன். சிரிப்பு வந்தால் சிரிக்கலாம்.

தோட்டம் ஓய்வுக்குப் பிறகு பிடித்த பைத்தியம். "தினம் ஊத்தினா செடி சோம்பேறியாயிடும் சார். கொஞ்சம் கொஞ்சமா தள்ளிப் போடுங்க, வேர் தானா கீழ போய்த் தேடிக்கும்" என்றார் நாற்றுப்பண்ணைக்காரர். அப்படியே செய்தேன். செடிகள் வாடின, பிறகு தேறின. என்னை நானே மெச்சிக்கொண்டேன். அந்த வேலைக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை.

அப்போதுதான் மனைவி இடுப்பெலும்பு முறிந்து படுத்தாள். தண்ணீர் குடித்தால் குளியலறைக்குப் போக வேண்டும். போவதென்றால் நான் தூக்கிப் பிடிக்க வேண்டும். அவளுக்கு இடுப்பு, எனக்கு முதுகு. ஆகவே தண்ணீரைத் தள்ளிப் போட்டேன். முதலில் இரவில், பிறகு பகலிலும். கூஜாவைக் கட்டிலருகிலிருந்து சமையலறைக்கு மாற்றினேன்.

"என்னங்க, நான் என்ன கள்ளிச்செடியா?" என்றாள்.

"கள்ளி இவ்வளவு பேசாது."

சிரித்தாள். உதடு வெடித்திருந்ததால் பாதியில் நிறுத்திக்கொண்டாள். என் நகைச்சுவைக்கு அவள் என்றுமே பாதிதான் சிரிப்பாள் என்பதால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மகள் தொலைபேசியில், "அம்மா குரல் ஏன்ப்பா இப்படிக் கம்மிக் கிடக்கு?" என்றாள்.

"வெயில்மா."

"நான் வேணா கிளம்பி வரட்டுமா?"

"இங்க எல்லாம் ஒழுங்காத்தான் போகுது. நீ உன் வேலையைப் பாரு."

ஒழுங்காகத்தான் போனது. வெயில் உச்சத்துக்கு ஏறிய வாரத்தில் மனைவி வாய் திறந்து தண்ணீர் கேட்பதை நிறுத்திவிட்டாள். வேர் பிடித்துவிட்டது என்று நினைத்தேன். இந்த வாக்கியத்தைத் திருத்தத் தெரியும், திருத்தாமல் விடுகிறேன். அதே வாரம் புது நாற்றுகளுக்குக் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினேன். இளம் நாற்று தாகம் தாங்காது என்று பண்ணைக்காரர் எச்சரித்திருந்தார்.

"அவங்க தண்ணி கேக்கவே இல்லையா?" என்றார் இறப்பை உறுதிசெய்ய வந்த மருத்துவர்.

"இல்ல டாக்டர்" என்றேன். கூடவே முதுகுவலியையும் சொல்லிவைத்தேன். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களால முடிஞ்சதெல்லாம் செஞ்சீங்கப்பா" என்றாள். அந்தக் கையை விடுவித்துக்கொள்ள முடியாமல்தான் இங்கே வந்தேன்.

என் மனைவி தண்ணீர் கேட்டாள். குரல் போன பிறகு கட்டில் சட்டத்தில் விரலால் தட்டிக் கேட்டாள். என் காதில் பழுதில்லை. நித்தியகல்யாணி வாங்கப் புறப்பட்டபோதும் தட்டினாள். வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று கதவைச் சாத்தினேன். உர மூட்டை தூக்கும்போது என் முதுகு வலித்ததே இல்லை. அவளைத் தூக்கித் தூக்கி அலுத்துவிட்டது. கொன்றது நான்தான்.

வீட்டைப் பார்க்க வருவீர்கள். குளியலறையைத் தேட வேண்டியிருக்காது. அவள் கட்டிலுக்கு அடுத்த கதவுதான்.