பிளாப்பியில் இருந்த கல்யாணம்

"உங்க வூட்டுக் கல்யாணத்தையே அழிச்சிட்டேன் அண்ணாத்த" என்று முன் இருக்கையில் குரல் கேட்டதும், ஜன்னல் கம்பிகளை எண்ணிக்கொண்டிருந்த நான் நிறுத்திவிட்டேன். செங்கல்பட்டிலிருந்து புதுப்பட்டினம் போகும் பேருந்து அது. சொன்னவர் கல்யாணப் பத்திரிகை அடித்துத் தரும் கம்ப்யூட்டர் கடைக்காரர். பக்கத்தில் மஞ்சள் பையோடு ஒரு பெரியவர்.

"இன்னாப்பா சொல்ற?"

"சிஸ்டம் படுத்துகிச்சு. விண்டோஸ் திரும்பப் போடணும். பழைய பொட்டி, சிடியில கெளம்பாது, பிளாப்பிதான் வேணும். உப்புக் காத்துல அத்தனை பிளாப்பியும் பூசணம். நல்லா இருந்த ஒண்ணை அழிச்சு, அதுல கெளப்புற ஃபைலை ஏத்திதான் பொட்டியைக் கெளப்புனேன். உங்க பத்திரிகை அதுல இருந்திருக்குது."

"பேஜாரு பண்ணிட்டியே! ஒரு பேரு வுட்டா ஒரு வூடே வராதுப்பா."

"சொல்லுங்க, இப்பவே எழுதிக்கிறேன்."

பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு பெரியப்பா, சித்தப்பா, அத்தை, சம்பந்தி வீட்டார் என்று வரிசையாகச் சொன்னார். நான் விரல்விட்டு எண்ணினேன். இருபத்திரண்டு. எவர் பெயராவது விட்டுப்போகுமோ என்று எனக்குத்தான் பதைப்பாக இருந்தது.

"அவ்ளோதான். ஒருத்தரையும் வுடல."

"பொண்ணுக்குத் தாய்மாமன் பேரு எங்க அண்ணாத்த?"

அவர் கண்ணைத் திறந்தார்.

"அது நான்தாம்பா."