காதோரம் நாலு நரை

— வானமும் பூமியும் ஆட்டம் கண்டாலும், கர்த்தர் கொடுத்த வாக்கு இம்மியும் அசையாது.

— சரிங்க. நீங்க கட்டிலை அசைக்காம உக்காருங்க. கழுத்துல தையல் இழுக்குது.

— நானா அசைக்கிறேன்?

— வந்ததுல இருந்து உங்க கால் தையல் மிஷின் மிதிக்கிற மாதிரி ஆடுது. கட்டி எடுத்தது எனக்கு, வேர்க்கிறது உங்களுக்கு.

— நான் சபை மூப்பர்டி. இந்த ஆஸ்பத்திரியில எத்தனை பேருக்கு ஆறுதல் சொல்லியிருக்கேன்னு தெரியுமா?

— தெரியும் மூப்பரே. கால் ஒடிஞ்சு படுத்திருந்த தச்சர் உங்க ஆறுதல் தாங்காம நொண்டிக்கிட்டே வீட்டுக்குப் போயிட்டாரே.

— அது அற்புத சுகம்.

— அவர் பொண்டாட்டி வேற மாதிரி சொன்னா.

— பேச்ச விடு. வாக்குத்தத்தப் பெட்டி கொண்டாந்திருக்கேன். கண்ணை மூடி ஒரு வசனச் சீட்டு எடுத்தா ஆண்டவரே பேசுவாரு.

— என்னால கைய தூக்க முடியல. நீங்களே எடுங்க.

— மரண இருளின் பள்ளத்தாக்குல நீ... ம்ஹூம்.

— ஏன் திரும்ப உள்ள போடுறீங்க?

— இது பக்கத்துக் கட்டிலுக்கு உள்ளது.

— அடுத்ததாவது படிங்க.

— பரலோகத்துல பிதாவோட வீட்டுல நிறைய இடம் இருக்காம்.

— இருக்கட்டும். எனக்கு அவசரமில்லன்னு சொல்லிடுங்க.

— சிரிக்கிறியே. எடுத்தது நல்ல கட்டியா, இல்ல மத்ததான்னு இன்னும் யாரும் வாயே திறக்கல. உனக்கு ஒண்ணு ஆயிட்டா... என் சட்டை எந்த அலமாரியில இருக்குன்னுகூட எனக்குத் தெரியாது.

— அதுக்கா அழறீங்க?

— அதுக்கு இல்ல.

— தெரியும். இப்படிக் கிட்ட வாங்க. நீங்க இல்லாதப்ப நானும் அழுதேன். அப்புறம் ஒரு வசனம் நெனப்பு வந்துச்சு. நரைக்கிற வயசு வரைக்கும் தாங்குவேன்னு சொல்லியிருக்காரு இல்ல? எனக்குக் காதோரம் நாலு முடிதான் வெளுத்திருக்கு. மீதித் தலை அப்படியே கருப்பு. சொன்ன சொல்லக் காப்பாத்தணும்னா, அவரு இன்னும் ரொம்ப காலம் என்னைத் தாங்கியாகணும்.

— நீ தலைக்கு மை பூசுறியேடி.

— அது ஆண்டவருக்கும் எனக்கும் நடுவுல. பெரிய வசனமெல்லாம் என் கைக்கு எட்டல. இதப் புடிச்சுத்தான் தொங்கிட்டு இருக்கேன்.

— நானும் அதையே புடிச்சுக்கட்டுமா? எனக்கு நரைக்கிறதுக்கு முடியே இல்லையே.

— உங்களையும் சேத்துத் தாங்குவாரு. மொதல்ல கண்ணைத் தொடைங்க, நர்ஸம்மா வராங்க.

— என்னம்மா, இன்னுமா வீட்டுக்குக் கிளம்பல?

— ரிசல்ட் வராம எப்படிங்க கிளம்புறது?

— அது நேத்தே வந்துருச்சே. வெறும் கொழுப்புக் கட்டி. ஒரு பயமும் இல்ல.

— அல்லேலூயா. பாத்தியா, பாத்தியா? வாக்கு மாறாதவர்னு நான் சொல்லல?

— இருங்க மூப்பரே. ஏம்மா, நேத்தே வந்ததுன்னா எங்ககிட்ட ஏன் யாரும் சொல்லல?

— சொல்ல வந்தேம்மா. நீங்க மாத்திரை போட்டுத் தூங்கிட்டிருந்தீங்க. சார் வராந்தாவுல கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு, ‘ஆண்டவரே, ஒரே ஒரு வார்த்தை சொல்லும்’னு சத்தமா ஜெபம் பண்ணிட்டிருந்தாரு. ரெண்டு தடவ கூப்பிட்டேன். கையக் காட்டி என்னைப் போகச் சொல்லிட்டாரு.