வட்டம் நிறையுதே இல்ல

...திருப்பியும் முதல்ல இருந்தா? என்ன கருமம் மச்சான் இது! ஸ்க்ரீன்ல முக்காவாசி நிறைஞ்சிருந்த வட்டம், இப்ப என்ன, வெறும் வட்டமா நிக்குது? இல்ல, நீ ஒன்டும் சொல்லாத, எனக்கே தெரியும். காகம். அந்த வேப்பமரத்துக் காகம்தான். ரெண்டு தரம் கத்திச்சி, கேட்டியா? 'கா... க்க்கா...' இப்பிடி. கடைசியில தொண்டைய இழுக்கும், சளி புடிச்ச மனுசன் மாதிரி, 'க்க்க்காஅஅ' என்டு. என்ன, திருப்பியும் போச்சா? பாத்தியா! நான் சொன்னன்தானே, காகம் என்டு!

நீ போன கிழமதானே இந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்தாய், முஸம்மில். உனக்கு இங்கத்த ஆக்களப் பத்தித் தெரியாது. அமைதி என்ட சாமான் இந்தப் பக்கம் கிடையாது. கல்பிட்டியில இருந்து கண்டக்குழி வரைக்கும் தேடினாலும் ஒரு கால் கிலோ எடுக்கேலா. இதத் தெரிஞ்சி வெச்சிக்கிட்டும் றஜிதா டீச்சர் காலையில என்ன சொன்னா? 'பிள்ளைகள், சத்தம் அளக்கிற இந்த சென்சருக்கு முதல்ல அமைதி என்டா என்ன என்டு காட்டோணும். அறை அமைதியா இருந்தா இந்த வட்டம் மெல்ல மெல்ல நிறையும். நிறைஞ்சாத்தான் மத்தச் சத்தங்கள அது சரியா அளக்கும். நடுவில ஒரு சின்னச் சத்தம் வந்தாலும் திருப்பி முதல்ல இருந்த்து!' எப்பிடி, அச்சொட்டா அவட குரல்தானே? அந்தத் 'த்து'வ மட்டும் தனியா அமத்துவா, கரும்பலகையில வெண்கட்டி உடையிற மாதிரி. த்து! த்த்து!

ஏன் தலையில கை வெக்கிறாய்? தலையிடியா?

பிறகு உன்ன லெப்டொப்புக்கு முன்னால இருத்தினா. ஏன் என்டா நீ கதைக்காத பிள்ளையாம். என்ன வாசல்ல நிப்பாட்டினா. 'கில்பட், ஒருத்தரும் சத்தம் போடாமப் பாக்கிறது உன்ட பொறுப்பு.' பொறுப்பு! எங்கட பரம்பரையிலயே ஒருத்தருக்கும் ஒருத்தரும் பொறுப்பு குடுத்ததில்ல மச்சான். அப்பாட்ட கூட வள்ளத்தக் குடுப்பாங்க, இஞ்சின் திறப்பக் குடுக்க மாட்டாங்க.

என்ன, விரல வாயில வெக்கிறாய்? ஆ... சத்தமா? எங்க? விளங்கிட்டு, கென்டீன் பக்கம்! ஏய்ய்ய்! பாக்கியம்மாக்கா! சட்டிய மெல்லமாக் கழுவுங்க! உள்ளுக்க அமைதி எடுக்கிறம்!

கேட்டியா, என்ன சொல்றா என்டு? 'உன்ட வாய்க்கு ஒரு மூடி போட்டா அமைதி தன்னால வரும், ராசா!' இதென்ன கதை? சட்டி கழுவுறது அவ, மூடி எனக்கா? இந்த ஊரில நியாயம் கதைக்கேலா.

இன்டைக்கு முழுக்க இதே பாடுதான். முதல்ல பாண் விக்கிற சூன் பாண் ஓட்டோ வந்திச்சி. 'டிட்டி டிட்டி டிட்டி டிங், டிங்கிடி டிங்' என்டு பாட்டுப் போட்டுக்கிட்டு, சரியா மதிலுக்கு அங்கால. நான் ஓடிப்போய் நிக்கொலஸ் அண்ணனுக்கு ஏசினன். பாவம், பாட்ட நிப்பாட்டிட்டார். ஆனா கேக்கிறார், 'அப்ப பாண் வந்திருக்கென்டு சனத்துக்கு எப்பிடிடா தெரியும்?' அதுவும் மெய்தானே. நான் சொன்னன், நீங்க இருங்க அண்ணே, நான் கூப்பிட்டுத் தாறன் என்டு. 'பாஆஆண்! சூடான பாண்! மாலு பணீஈஸ்!' சனம் ஓடி வந்திச்சி. எனக்கு ஒரு மீன் பணிசும் தந்தார். அப்ப எப்பிடி, நிறைஞ்சிரிக்குமே வட்டம்? இல்லியா? அப்ப அது கடல்தான். கடலுக்கு யாரு ஏசுற?

சிரிக்காத. இது எனக்கு விளையாட்டில்ல மச்சான். மெய்யாச் சொல்றன். இந்த வாய்க்கு இவ்வளவு நாளும் கிடைச்சது அடிதான். அதிபர் அருமைநாயகம் சேர்ட குரல்ல, 'மணிய அடி தம்பி, இன்டைக்கு நேரத்தோட விடுவம்' என்டு சொல்லி ஸ்கூல் விட்டதுக்கு ஒரு அடி. பங்குச் சாமிட குரல்ல வீட்டுக்கு போன் எடுத்து, 'கில்பட்ட கொஞ்ச நாளைக்கு அடிக்க வேணாம், மகள்' என்டு சொன்னதுக்கு அம்மாட்ட ரெண்டு அடி. றஜிதா டீச்சர் ஒராள்தான், அவட குரலயே அவவுக்கு முன்னால எடுத்துப் புடிபட்ட அன்டைக்கு, அடிக்காம, 'இத நாங்க விஞ்ஞானக் கண்காட்சியில வெப்பம்' என்டு சொன்னவ. விளங்குதா? என்ட வாய, புத்தளத்துக் கண்காட்சியில, மேசையில! நான் குரல் மாத்தி மாத்திக் கதைக்க, ஸ்க்ரீன்ல ஒவ்வொரு குரலுக்கும் ஒவ்வொரு மலை எழும்புமாம்.

ஆனா அருமைநாயகம் சேர் விடேல்ல. செருப்ப சளக்கு புளக்கு என்டு இழுத்துக்கிட்டு வந்து, மூக்குக்கண்ணாடிக்கு மேலால பாத்து, 'றஜிதா மிஸ், இவன் முதல்ல ஒரு அமைதிய எடுத்துக் காட்டட்டும். வேன் வந்து இந்த சென்சர் பெட்டிய அடுத்த பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போகக்கிடையில அமைதியும் குரலும் பதியேல்லயென்டா, ஜோர்ஜ்ட உப்புத் தண்ணி பல்புதான் புத்தளம் போகும்' என்டுட்டார். உப்புத் தண்ணியில பல்பு எரியுது! உப்பளம் நிறைஞ்ச புத்தளத்தில வந்து நின்டுக்கிட்டு உப்புத் தண்ணிய ஆரடா பாக்கிற?

என்ன இப்ப? ஏன் லெப்டொப்ப என்ட பக்கம் திருப்புறாய்? ஆ, வட்டத்துக்குக் கீழ இதென்ன கோடு... மலை மலையா... இந்தா ஏறுது. இப்ப எறங்குது. ஏய்! ஏறிட்டு! ஏ... ஏ... நான் 'ஏ' என்டாத்தான் ஏறுதா? மெதுவாச் சொன்னா... சின்ன மலை. இரு, இரு, காகம் கத்துது, பாரு... அசையவே இல்லியே. காகம் இதுக்குக் கேக்கேல்ல. பாக்கியம்மாக்காட சட்டி... அதுக்கும் இல்ல. அப்ப காலையில இருந்து இந்த மலையெல்லாம்...

முஸம்மில். இது முழுக்க நானா?

நீ விரல வாயில வெச்சது எனக்கா?

ச்சே... ஆனா என்ன வடிவுடா இது! ஆ, இந்தா, இதுதான் என்ட காகம், வாலத் தூக்கிக்கிட்டு நிக்குது! இது பாண்! இது டீச்சர்ட 'த்து', குத்தூசி மாதிரி! சேர்ட செருப்ப விட அவட 'த்து' உயரம், பாத்தியா!

சரி. சரி, சரி. மூடிட்டன். இனி ஒரு சொல்லுக் கூட இல்ல. நீ பாரு.

........................

மச்சான், வட்டம் ஓடுது!

ஐயோ. போச்சா? மன்னிச்சிக்கடா. சந்தோசத்தில வந்திட்டு. திருப்பி, திருப்பி. இந்தா, கையால வாயப் பொத்திக்கிறன்.

............

ம்ம்ம்... ம்... மூக்கு அரிக்குது மச்சான்... இல்ல, கைய எடுத்தாத்தானே சொறியலாம்... போச்சா? அதுக்கும் போச்சா?

எனக்கேலா, முஸம்மில். முயற்சி பண்றன், ஏலா. உள்ளுக்க இருந்து ஒவ்வொருத்தரா வந்து கதவத் தட்டுறாங்க, நான் என்ன செய்ய?

ஐயோ, ஹோர்ன்! வேன் வந்திட்டு! வேன் ஓட்டுற ஜபார் நானாதான், கேட்டுக்கு முன்னால நின்டு அமத்துறார். பெட்டியத் தூக்க வரப்போறார். ஜோர்ஜ் பல்போட போகப்போறான். எழும்பாத! நீ எழும்பாத! இரு, நான் ஒன்டு சொல்றன்.

நான் போறன். கேட்டடிக்கு. காலையில பெட்டிய எறக்கக்குள்ளயே அவர்ட குரல எடுத்து வெச்சிட்டன், 'மெல்லமாத் தூக்குங்க மகன், இது கண்ணாடிச் சாமான்' என்டு. அவர்ட குரல்ல அவருக்கே கதை சொல்லப் போறன். வண்டிய விட்டு எறங்க விட மாட்டன். சிரிக்க வெச்சே இருத்திருவன். நீ இங்க இரு, அமைதிய எடு. நீ வரமட்டும் கதைச்சிக்கிட்டே நிப்பன், எனக்கு அதொன்டும் கஷ்டமில்ல.

வட்டம் நிறைஞ்சா கூப்பிடாத, கேக்காது எனக்கு. நான் கதைச்சிக்கிட்டு நிப்பன். நேர வந்து என்ட சேட்டப் புடிச்சி இழு. பிறகு ஓடிவந்து குரலப் பதிவம்.

என்ன சிரிக்கிறாய்? சிரிக்காதடா, கோடு ஏறும்!

...கதவ மெல்லமாச் சாத்துறன்.