உதட்டில் ஒட்டிய படம்

பட்டப்பகல், மணி இரண்டு. ஆள் நடமாட்டமே இல்லாத சாலை. பேய் ராத்திரியில்தான் வரும் என்று நினைப்பவர்கள் இப்போதே போய்ப் படுத்துக்கொள்ளலாம்... மற்றவர்கள் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்.

என் நண்பனுடைய மாமாவுக்குப் பழைய படச்சுருள்களைச் சுத்தம் செய்து ஒட்டும் வேலை. அந்தக் காலத்துச் சுருள் சட்டென்று தீப்பிடிக்கும். அதனால் அந்தச் சாலைக் கடைசியில் தனிக் கொட்டகை. ஒரு முதலாளி, தன் அப்பா கதாநாயகனாக நடித்த ஊமைப்படத்தைக் கொடுத்திருந்தார். அப்பாவுக்கு நூற்றாண்டு விழாவாம். டப்பாவைத் திறந்தால்... அழுக்குக் காலுறையும் கெட்டுப்போன வெண்ணெயும் சேர்ந்த நாற்றம். சுருள் முழுக்கப் பழுப்புப் பசை.

கதாநாயகி அப்போது பெரிய நட்சத்திரம். படங்கள் பேச ஆரம்பித்ததும், குரல் சரியில்லை என்று ஓரங்கட்டினார்கள். அவள் எழுத உட்கார்ந்தாள். நன்றாகவே எழுதினாள். கடைசிப் புத்தகத்தில், காதல் காட்சியில் கேமராவுக்கு மறைவாக அந்த நாயகனின் கை என்ன செய்தது என்று எழுதினாள். 'கதை எழுதுகிறவள், கதை விடுகிறாள்' என்று சிரித்தார்கள். சீ! அந்த அவமானத்தோடேயே செத்துப்போனாள்.

மாமா பசையைத் துடைத்துவிட்டு அந்தக் காதல் காட்சியை ஓட்டிக்கொண்டிருந்தபோது அத்தை சாப்பாட்டுத் தூக்கோடு வந்தாள். அத்தைக்குக் காது கேட்காது. உதட்டைப் பார்த்தே பேச்சைப் படித்துவிடுவாள். மாமா முதுகைக் காட்டித்தான் முணுமுணுக்க முடியும். திரையில் நாயகன் அணைக்க, நாயகி சிரித்தபடி ஏதோ சொன்னாள்.

"காதல் பேச்சு இல்லீங்க," என்றாள் அத்தை. "'கைய எடுடா நாயே'ன்னு சொல்றா."

மாமா பதறிப்போய் முதலாளிக்குப் போன் செய்தார்.

"அந்தத் துண்ட மட்டும் வெட்டிக் கொளுத்திடுங்க. யாருக்குத் தெரியப் போகுது?" என்றார் முதலாளி.

மாமா கத்தரிக்கோலை எடுத்தார். அத்தை தடுத்தாள். "வேணாங்க. அவளுக்குன்னு இருக்கற சாட்சி அது ஒண்ணுதான்."

கேட்டால்தானே! வெட்டினார், கொளுத்தினார்.

வெட்டிய முனைகளை ஒட்ட வேண்டும். படம் பதியும் மருந்து பூசிய பக்கம் எது என்று தெரிய, இந்தத் தொழில்காரர்கள் ஈர உதட்டில் வைத்துப் பார்ப்பார்கள். மருந்துப் பக்கம் என்றால் ஒட்டும். பழக்கதோஷம்... மாமாவும் வைத்தார். ஒட்டியது. எடுக்க வரவில்லை. பிய்த்தார். சர்ரக்... உதட்டுத் தோலும் சேர்ந்து வந்தது. வாய் முழுக்க அந்தப் பசை.

விழா மேடையில் முதலாளி மாமாவின் தோளில் கை போட்டார். மாமாவின் உதடு அசைந்தது. சத்தமே வரவில்லை. நன்றி சொல்கிறார் என்று கூட்டம் கைதட்டியது. முன்வரிசையில் அத்தை மட்டும் எழுந்து நின்றாள்... மண்டபமே கேட்கும்படி அதைப் படித்தாள்.

"கைய எடுடா நாயே."

முதலாளி வெடுக்கென்று கையை இழுத்தார். உள்ளங்கை முழுக்கப் பழுப்புப் பசை.

மாமாவுக்கு இப்போது ஒன்றுமில்லை, நன்றாகப் பேசுகிறார். முதலாளிதான்... எந்தச் சோப்புக்கும் நாற்றம் போகவில்லையாம். அந்தக் கை வாய்ப்பக்கம் வந்தாலே வாந்தி. யாராவது ஊட்டிவிட்டால்தான் சாப்பாடு. படுக்கும்போது கையைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டுக்கொள்வாராம்.

காலையில் பார்த்தால்... விரல்களில் பல் தடம்.